அடிக்குரல்காரருக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

வலது கை மவுஸின் மேல் இருந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் விசைப்பலகையின் ஓரத்தை மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தன. திரையில் ஓர் ஆளின் மோவாய்க்குக் கீழே தொங்கிய சதையை வழித்தெடுத்தாயிற்று. அடுத்தது கண்ணுக்குக் கீழே உப்பியிருந்த பைகள். கை அவற்றைத் தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கியது. பிறகு மீசை. நரைத்த முடிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கறுப்படித்தது. பிறகு பல். வெற்றிலைக் காவி ஏறிய பற்களை வெளுத்தது. ஒரு முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே மனிதன் இருக்கமாட்டான். துளையும் எண்ணெயும் மயிரும்தான் இருக்கும்.

மூக்குக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த முடியை வெட்டித் தள்ளிவிட்டுப் பேபி நாற்காலியில் சாய்ந்தாள். இத்தனை பாடுபட்டும், அந்த ஃப்ளெக்ஸ் அந்த ஆளுக்கானதே இல்லை. அது வேறொருவரின் சாவுக்கு.

பேபிக்கு நாற்பது தாண்டிவிட்டது. கோவில்பட்டியில் பிறந்து கோவில்பட்டியிலேயே வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியிருக்கிறாள். லேபிள் ஒரு நூல் கோணினாலும் ஏஜெண்ட் பெட்டியைத் தூக்கி வீசுவான். அந்தப் பயத்தில் வந்த கண் அவளுடையது. பள்ளிக்கூடம் முடித்ததும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் பழகினாள். ஊரில் ஃப்ளெக்ஸ் வந்த புதிதில் சீனி என்பவர் பஜாரில் மெஷின் வாங்கிப் போட்டு, பேபியைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். ஃபோட்டோஷாப்பை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எதைத் தட்டினால் எது நடக்கிறது என்று தட்டிப் பார்த்தே படித்தாள். அன்றிலிருந்து ஊரின் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி எல்லாம் அவள் திரை வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

ஃப்ளெக்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக வைக்கிறார்களோ அவருக்கு ஒரு முகம். வைக்கிறவர்களுக்கு வரிசை வரிசையாக முகம். யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் முகம் பெரிது. பேபியின் கொழுந்தன் லாரி மோதிச் செத்தபோது வைத்த கண்ணீர் அஞ்சலியில் அவன் தபால்தலை அளவுக்குச் சுருங்கி ஒரு மூலையில் கிடந்தான். அவன் பெண்டாட்டி பொன்மணி வந்து அண்ணாந்து பார்த்து, "யக்கா, அவிய எங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேபிக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. கடை விட்டு வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவாள். மை படுகிற வேலையில்லை அவளுடையது. இருந்தாலும் கழுவாமல் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அந்த வாரம் இசக்கிசெல்வி என்ற பெண் கடைக்கு வந்தாள். இடைசெவல்காரி. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போடுகிறவள். வேலை முடிந்து வந்திருந்தாள். கையில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"யக்கா, ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கணும்."

"யாரு பிள்ள, வீட்டுலயா?"

"இல்லக்கா. கொரியாவுல."

சீனி அண்ணாச்சி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். "கொரியாவுல செத்ததுக்குக் கோவில்பட்டியில ஃப்ளெக்ஸா? செத்தவன் சொந்தக்காரன் எவன் வந்து பாக்கப் போறான்?"

"அவிய பாக்காட்டா என்ன அண்ணாச்சி, நாங்க பாப்போம்லா."

செத்தவர் பெயர் ஹான் தே-சிக். நான்கு ஆண்கள் சேர்ந்து பாடும் குழு ஒன்றில் அடிக்குரல் பாடியவர். குழுவின் பெயர் காங்முல்.

"ஆத்துத் தண்ணின்னு அர்த்தமாம்க்கா."

"நல்லது. நம்மூருல ஃப்ளெக்ஸுலயாவது ஆத்துத் தண்ணி வரட்டும்" என்றார் சீனி அண்ணாச்சி.

இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. "வாற ஞாயித்துக்கிழம அவருக்குப் பதினாறுக்கா. அவிய ஊருல பதினாறு உண்டா கிடையாதான்னு தெரியாது. நாங்க கழிக்கணும்னு இருக்கோம். எட்டயபுரம், ஓட்டப்பிடாரத்துல இருந்தெல்லாம் பிள்ளைய வருது. எல்லாம் எங்கள மாதிரி ஆபீஸ் வேல பாக்குததுவதான். பஸ் ஸ்டாண்டுல எறங்குன ஒடனே அவரு மொகம் தெரியணும்."

பேபி திரையைத் திறந்து வைத்துக்கொண்டாள். சாவுக்கென்று அவளிடம் தயார் வாசகங்கள் உண்டு. இமயம் சரிந்தது, சூரியன் மறைந்தது, எங்கள் குலவிளக்கு அணைந்தது. எதையும் இந்த ஆளுக்குப் போட மனம் வரவில்லை. "அவரு என்ன செஞ்சாரு, அதச் சொல்லு. எழுதணும்லா?"

இசக்கிசெல்வி தன் காதிலிருந்த இயர்போனின் ஒரு முனையைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் பேபியின் காதில் வைத்தாள்.

மேளம் இல்லை, தாளம் இல்லை. மூன்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போயின. கீழே இன்னொன்று, பாடுகிறதென்றே தெரியாமல் கிடந்தது. அதைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தால் நழுவியது. விட்டுவிட்டுக் கேட்டால், மற்ற மூன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன என்று புரிந்தது.

"அடியில தரை மாதிரி ஒண்ணு கிடக்குல்லா? அதான் அவரு."

அவள் சொன்ன கதை இது. நான்கு பேரும் கடற்கரை ஊர்க்காரர்கள். ஒரே பள்ளிக்கூடம். ஹான் தே-சிக்கின் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. காலியாகக் கிடந்த உப்புக் கிட்டங்கிக்குள் நின்று, நடுவில் ஒரே ஒரு மைக்கை வைத்து, முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பெயரும் 'உப்புக் கிட்டங்கி'தான். அதை யாரும் சீந்தவில்லை. பிறகு ஒரு டி.வி. போட்டியில் பாடித் தோற்றார்கள். தோற்ற பாட்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. ஒரு கம்பெனிக்காரன் வந்து கையெழுத்து வாங்கினான். இரண்டாவது இசைத்தட்டு 'வெளிச்சம்'. அதில் டிரம்ஸும் கீபோர்டும் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

"அதுல அவரு குரலே இல்லக்கா. இருக்கு, ஆனா மேளத்துக்குள்ள புதைஞ்சு போச்சு. நாங்க அதக் கேக்கவே மாட்டோம். சுதாராணின்னு என் சேக்காளி, அந்தப் பாட்டு எங்கயாச்சும் ஓடுச்சுன்னா எழுந்து போயிருவா."

அதன் பிறகு ஹான் தே-சிக் ராணுவத்துக்குப் போகவேண்டி வந்தது. அங்கே ஆண்பிள்ளைகள் எல்லாரும் போய்த்தான் ஆகவேண்டும். கம்பெனிக்காரன் வேறு ஆளைப் போடச் சொன்னான். மற்ற மூவரும் மாட்டோம் என்றுவிட்டார்கள். 'மூவர்' என்று ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதில் அடிக்குரல் பாடவேண்டிய இடங்களை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வந்ததும் பழைய கிட்டங்கிக்கே போய், பழையபடி ஒற்றை மைக்கில் 'கரை' என்ற தட்டைப் பதிவு செய்தார்கள். அதுதான் கடைசி. நோய் வந்தது. போய்விட்டார்.

"அதோட விட்டானுவளான்னா, இல்ல" என்றாள் இசக்கிசெல்வி. குரல் மாறிவிட்டது. "கம்பெனிக்காரன் அவரு நெனவா ஒரு பெட்டி விக்கான். உள்ள அவரு போட்டோ. ஒவ்வொரு பெட்டியிலயும் வேற வேற போட்டோ. எல்லாம் வேணும்னா எல்லாப் பெட்டியும் வாங்கணும். அது போவட்டும். அவரு தொண்டைய மெஷின்ல போட்டுப் புதுசா ஒரு பாட்டுப் பாட வச்சிருக்கான்க்கா. செத்தவர. நேத்து கேட்டேன். கொமட்டிக்கிட்டு வந்துது."

"அவர மாதிரி இல்லியோ?"

"அவர மாதிரியேதான் இருந்துச்சு. அதான் கொமட்டுச்சு."

பேபி காதிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். நல்ல படம் ஒன்று கேட்டாள். நான்கு பேரும் படகுத்துறையில் நிற்கிற படத்தை இசக்கிசெல்வி அனுப்பினாள். ஹான் தே-சிக்கின் தோளில் பக்கத்தில் நின்றவரின் கை கிடந்தது. நால்வரில் அவர்தான் கட்டை, குட்டை. கேமராவைப் பார்க்காமல் கீழே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அச்சடிப்பதில் சிக்கல் இல்லை. அதைக் கட்டுவதற்கு இடம் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் பெரிய இரும்புப் பிரேம் சுந்தரபாண்டியனுடையது. பட்டாசு ஏஜென்சி வைத்திருப்பவர். வார்டு கவுன்சிலராகிவிட வேண்டும் என்று சில காலமாக வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு திரிகிறார். சீனி அண்ணாச்சி ஒரு போன் போட்டதும் கடைக்கே வந்துவிட்டார்.

"பொம்பளப் பிள்ளைய ஆசப்படுது. தாராளமாக் கட்டச் சொல்லுங்க. போலீஸ் பெர்மிசன் நான் பாத்துக்கிடுதேன். இந்தக் கொரியாக்காரன் ரொம்ப நல்லவனாம்லா? நானும் கேட்டுருக்கேன்."

"என்ன பாட்டு அண்ணாச்சி கேட்டீங்க?" என்றாள் பேபி.

"பாட்டு கெடக்கட்டும் தங்கச்சி. எம் போட்டோ இந்தா இருக்கு. சிரிச்ச மேனிக்கு. நல்லாப் பெருசா வச்சிரு."

பேபி சிறிதாக வைத்துக் காட்டினாள். பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினாள். "இன்னும்" என்றார். பாதி ஃப்ளெக்ஸை அவர் முகம் அடைத்துக்கொண்டது. செத்தவர் இடது பக்கம் ஒதுங்கினார். "அந்த மூணு பேரு எதுக்கு? அவனுவ உசுரோடதான இருக்கானுவ, எடுத்துரு" என்றார். எடுத்தாள். கடைசியாக ஒன்று கேட்டார். "நானும் அவனும் சேக்காளி மாதிரி இருக்கணும் தங்கச்சி. அவன் தோள்ல எங் கைய போட்டு வச்சிரு."

பேபி சீனி அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் கல்லாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அந்தத் தோளில் ஏற்கனவே ஒரு கை இருந்தது. கூடவே பாடியவனின் கை. அதை எடுக்காமல் இதை வைக்க முடியாது. ஒவ்வொரு விரலாகச் சுற்றிக் கோடிழுத்தாள். விரல் அழுந்திய இடத்தில் சட்டை லேசாகக் குழிந்திருந்தது. குழியோடு பெயர்த்தாள். மணிக்கட்டு வரைக்கும் கை தனியாக வந்து திரையில் கிடந்தது. வெட்டுப்பட்டது மாதிரியே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் அழித்தாள். தையல் மெஷின் வழங்கும் விழா ஒன்றில் சுந்தரபாண்டியன் நின்ற படத்திலிருந்து, விரலுக்கு விரல் மோதிரம் போட்ட கையை எடுத்துச் செத்தவர் தோளில் ஒட்டினாள். நிழல் போட்டாள். வேலை சுத்தமாக இருந்தது. அது சுத்தமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அன்றைக்குத்தான் அந்த மோவாய்ச் சதையையும் மூக்கு மயிரையும் எடுத்தாள். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை கை கழுவினாள். ரசத்தில் பிசைந்த சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை சுந்தரபாண்டியன் டீ கிளாஸோடு கடையில் வந்து உட்கார்ந்தார். முதல் நாளே ப்ரூஃப் அவர் போனுக்குப் போயிருந்தது. அவரோடு சுற்றும் மாரிசெல்வம் அதை விடிந்ததும் விடியாததுமாகத் தன் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான்.

"சட்டக் காலரு கொஞ்சம் மடங்குன மாதிரி..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே போன் அடித்தது. "ஆமா, நான்தான் பேசுதேன். நான்தான்யா. எதுக்கு அழுவுத? ஏலே, நான்தாம்லே பேசுதேன்!" என்று வைத்தார். மறுபடி அடித்தது. "எங்க எடுக்கவா? எத எடுக்க? எத்தன மணிக்கா? ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார். மூன்றாவது போனில் அவர் முகம் வெளுத்தது.

பேபி திரையில் இருந்ததை ஒருமுறை தள்ளி நின்று பார்த்தாள். ஊர்க் கண்ணோடு பார்த்தாள். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் பாதி ஃப்ளெக்ஸுக்குச் சிரித்தபடி சுந்தரபாண்டியன், பவுடர் பூசி, பளபளவென்று. பக்கத்தில் ஒதுங்கிக் கீழே குனிந்துகொண்டிருக்கும் யாரோ ஒரு சின்ன ஆள். இந்த ஊரில் பெயரை யாரும் படிப்பதில்லை. அஞ்சலியில் எந்த முகம் பெரிதோ அவர்தான் செத்தவர்.

வாசலில் ஆட்டோ நின்றது. சுந்தரபாண்டியனின் அக்கா காளீஸ்வரி எட்டயபுரத்திலிருந்து வந்து இறங்கினாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கையில் ரோஜா மாலை. வீட்டுக்குப் போகிற வழியில் தெருவில் நின்ற தம்பியின் வண்டியைப் பார்த்து நிறுத்தியிருக்கிறாள். "எய்யா, ஓன் வண்டி அநாதையா நிக்கே!" என்று மாரில் அடித்துக்கொண்டே கடைப்படி ஏறியவள், டீ கிளாஸைப் பிடித்தபடி எழுந்து நின்ற தம்பியைப் பார்த்தாள்.

பிறகு மாலை பறந்து வந்து அவர் மூஞ்சியில் விழுந்தது.

"ஏலே, நாசமாப் போறவனே! டீ குடிக்கியோ? பஸ்ஸுல ஏறுனதுல இருந்து அழுது அழுது எனக்குத் தொண்ட கட்டிப் போச்சு. கண்டக்டரு டிக்கெட்டே கேக்கல. எழவு எழுத்துக்குக் கீழ பல்லக் காட்டிக்கிட்டு நிக்கியே, ஒனக்குப் புத்தி இருக்காலே?"

"நான் இல்லக்கா செத்தது. இந்தக் கொரியாக்காரன்."

"அவன் செத்தா அவன் மொகத்தப் போடணும். ஓன் மொகத்த யாரு போடச் சொன்னா?"

சுந்தரபாண்டியன் பேபியிடம் திரும்பினார். "ஏம்மா, ஒனக்குத் தெரியாதா? சொல்லியிருக்கக் கூடாதா?"

"இன்னும் இன்னும்னு சொன்னது நீங்கதான் அண்ணாச்சி" என்றாள் பேபி.

அவர் சட்டையில் ஒட்டிய ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். "சரி, என்னைய எடுத்துரு. முழுசா எடுத்துரு." வாசல் வரை போனவர் நின்றார். "கீழ ஓரத்துல, சின்னதா, உபயம்னு மட்டும்..."

"ஏலே!" என்றாள் காளீஸ்வரி.

"வேண்டாம், வேண்டாம். அந்தப் பிரேமுலயும் கட்ட வேண்டாம். அந்த எழவு என் எடத்துல ஏறக் கூடாது." இதை அவர் அக்கா வந்த ஆட்டோவுக்குள்ளிருந்து சொன்னார்.

அவர் போனதும் சீனி அண்ணாச்சி இதழ்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, "பிரேமே இல்ல. இனி இந்த வேலைய விடு. அந்தப் பிள்ளட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். நானே சொல்கிறேன் என்றாள் பேபி.

சாயங்காலம் இசக்கிசெல்வி வந்தாள். நடந்ததைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கி, இடம் போய்விட்டது என்று உறைத்ததும் நிறுத்திவிட்டாள். ப்ரூஃபைப் பார்க்கவேண்டும் என்றாள். பேபி காட்டினாள். அவள் கண் தோளுக்கே போனது.

"இது யாரு கை?"

பேபி சொன்னாள்.

"அங்க இருந்த கை எங்கக்கா?"

"எடுத்துட்டேன்."

இசக்கிசெல்வி திரையை விட்டு விலகி வாசலில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். "டவுனு வேண்டாம்க்கா. எங்க வீட்டுச் செவரு ஹைவேயப் பாத்துதான் இருக்கு. எங்கப்பாட்ட கேட்டுட்டேன், இப்பதான் போன்ல. பிள்ளைய இடைசெவல் ஸ்டாப்புல எறங்கட்டும். நீங்க புதுசா அடிங்க. அவரு மட்டும் பெருசா. அவரு கூட நின்ன மூணு பேரும் இருக்கணும், கை இருக்கணும்."

"இருக்கும்."

"கீழ எங்க போட்டோ எல்லாம் வைக்கணும்" என்று அவள் போனை நீட்டினாள். "நான், சுதாராணி, எட்டயபுரம் பிள்ளைய, எல்லாரும் அனுப்பிருக்கு."

பேபி வாங்கிப் பார்த்தாள். பண்டல் போடுகிற பிள்ளைகள். ஒவ்வொன்றும் முகத்தை வழவழப்பாக்கி, கன்னத்தைச் சுருக்கி, கண்ணை விரித்து, சிலது பூனைக்காது வைத்து, உதட்டைக் குவித்துக்கொண்டு இருந்தன. அவளுக்குச் சுந்தரபாண்டியனின் வெளுத்த பற்கள் நினைவுக்கு வந்தன. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"என்னக்கா? நாங்கதான அழுதோம். நாங்கதான வைக்கோம். அந்த ஆள மாதிரியா நாங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலியே. வைக்கச் சொன்னா வைக்கேன். அது எந் தொழில்." பேபி பழைய கோப்பை அழித்துவிட்டு, படகுத்துறைப் படத்தைப் புதிதாக இறக்கினாள். நான்கு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். சதையை வழிக்கவில்லை, எதையும் வெளுக்கவில்லை. ஹான் தே-சிக்கின் கழுத்தில் ஒரு மரு இருந்தது. அதையும் விட்டாள். மேலே பெயர். பெயருக்குக் கீழே, காங்முல் நால்வரில் அடிக்குரல். அதற்குக் கீழே அவர் பாடிய தட்டுகளின் பெயர்கள். பிறகு, அடியில் ஒரு வெள்ளைப் பட்டையை விட்டு, பூனைக்காது வைத்த முதல் படத்தை இறக்கி அதில் வைத்தாள். அது இசக்கிசெல்வியின் படம். "சரியா இருக்கா பாரு."

இசக்கிசெல்வி பார்த்தாள். தன் முகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி தன் முகத்தைப் பார்த்தாள்.

"ச்சீ" என்றாள்.

"பூனக்காத எடுத்துட்டு வேற போட்டோ இருந்தாக் குடு."

"வேண்டாம்க்கா. எல்லாத்தையும் எடுத்துருங்க. பேரு மட்டும் போடுங்க." யோசித்தாள். "பேரும் வேண்டாம். போட்டா எல்லாரு பேரும் போடணும், எவ பேரு முதல்லன்னு சண்ட வரும். இடைசெவல்னு மட்டும் போடுங்க."

"சுதாராணி கேட்டா?"

"கேட்டா, கூட்டத்துல ஒன் மூஞ்சத் தேடவா எட்டயபுரத்துல இருந்து வருதாளுவன்னு நான் கேக்கேன்."

பேபி அந்த முகத்தை எடுத்தாள். வெள்ளைப் பட்டையையும் எடுத்துவிட்டுப் படகுத்துறைத் தண்ணீரை அடிவரை இறக்கினாள். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர். மெஷினுக்கு அனுப்பினாள். மை நாற்றம் கடையெல்லாம் பரவியது. அந்த நாற்றம் அவளுக்கு என்றைக்கும் தலைவலி. இன்றைக்கும் வலித்தது. இருந்தாலும் மெஷின் பக்கத்திலேயே நின்று, முதலில் தலைமுடியும் பிறகு நெற்றியும் கண்ணும் கோடு கோடாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனி அண்ணாச்சி எழுந்து வந்து பார்த்தார். "ஆளு பாத்தா நம்ம ஊரு எலெக்ட்ரீசியன் மாதிரில்லா இருக்கான்" என்றார். இசக்கிசெல்வி, "அதுக்கென்ன?" என்றாள்.

ஓரத்தை மடித்து ஒட்டி, மூலைக்கு மூலை வளையம் அடித்தாள் பேபி. மை உலரும்வரை தரையில் விரித்து, மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள். பிறகு படம் உள்பக்கமாக வராமல், வெளிப்பக்கமாக இருக்கும்படி சுருட்டிச் சணல் கயிற்றால் கட்டினாள்.

"பஸ்ஸுல மடிச்சு வச்சிராத. மடிச்ச எடத்துல கோடு விழுந்துரும். நேரா நிப்பாட்டிப் பிடிச்சுக்கோ."

"சரிக்கா."

"செவத்துல ஆணி அடிக்கும்போது மேல ரெண்டையும் முதல்ல அடிங்க. இழுத்துக் கட்டுங்க. தொங்கக் கூடாது."

இசக்கிசெல்வி காய்ந்த பசையைத் துப்பட்டாவில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். பேபி சுருளை அவள் கையில் வைத்தாள்.